வேலியோரம் நின்று எண்ணிய தேனீக்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி நாளுக்கு வந்து, தேனீக்களோடு வெளிக்களத்தில் வேலை செய்வது பற்றிக் கொஞ்ச நேரம் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பெட்டியை எங்கே வைப்பது, புகை எவ்வளவு போடுவது, பூவை எப்போது கொய்து எப்படிக் குளிரில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கைநூலில் வராத ஒரு விஷயம் உண்டு. அதை மேடையில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் சுடுகிறது. நீங்கள் பக்கத்தில் இல்லை என்பது ஒரு வசதி.

நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரி கையுறை போடமாட்டார். "கையுறை போட்டா கைக்குக் காது கேக்காது" என்பார். தேனீ அவரையும் கொட்டும். நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் அடுத்த தேனடைச் சட்டத்தைத் தூக்குவார். அவருடைய நிதானத்தை நான் கற்றிருக்க வேண்டும். கற்றது வெறுங்கையை மட்டுந்தான். நம்முடைய நாட்டுத் தேனீ சாதுவானது, மெதுவாகக் கையாண்டால் பெரும்பாலும் கொட்டாது என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்கு அது ஒரு வித்தை. பாடசாலைகளுக்குப் போனால் பிள்ளைகளுக்கு முன்னால் மூடியைத் திறந்து, தேனீக்கள் மொய்க்கும் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைப்பேன். பிள்ளைகள் "ஆ" என்பார்கள். ஆசிரியர்களும் "ஆ" என்பார்கள். கற்பிட்டிப் பக்கத்தில் என் பெயர் தெரியாதவர்கள்கூட 'வெறுங்கைச் சேர்' என்றால் ஆளைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கையில், மதுரங்குளியில் ஒரு தோட்டத்தில் காதுக்குப் பின்னால் ஒரு தேனீ கொட்டியது. எத்தனையோ தடவை பட்டதுதானே என்று பெட்டியை மூடிவிட்டு வண்டியில் ஏறினேன். சற்று நேரத்தில் உள்ளங்கைகள் அரிக்கத் தொடங்கின. பிறகு உதடு தடித்தது. நாக்கு வாய்க்குள் பெரிதானது போல இருந்தது. நெஞ்சு இறுகியது. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன சேர், மொகமெல்லாம் வீங்கி இரிக்கி?" என்றார்.

"மத்தியானம் சாப்பிட்ட இறால் ஒத்துக்கொள்ளல்ல போல" என்றேன்.

அந்த நிமிடத்தில் அப்படி ஒரு பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

புத்தளத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். என் மனைவி பஸீலாவும் கூட வந்தாள். டொக்டர் என்னைப் பரிசோதித்து, ஊசி போட்டு, மூச்சு சீராகும்வரை படுக்க வைத்துவிட்டுப் பிறகு கேட்டார்.

"சேர் என்ன வேல செய்யிறீங்க?"

"தேனீ ஆராய்ச்சி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த முறை கொட்டினா இதவிடக் கூடலா வரலாம். ஏலுமெண்டா வேலய மாத்திக்கொள்ளுங்க. மாத்த ஏலாட்டி இத உங்கட உடம்ப விட்டு எடுக்கவே கூடாது" என்று அட்ரினலின் மருந்தும் சிரிஞ்சும் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்றைத் தந்தார். அதை எப்படிப் போடுவதென்று எனக்கும் பஸீலாவுக்கும் காட்டித் தந்தார்.

அந்தப் பெட்டி வீட்டு அலுமாரிக்குள் போனது. சட்டைப் பையில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். பைக்குள் வைத்தால் யாராவது எதையாவது எடுக்கப் போய்க் காண்பார்கள். காண்பவர்கள் கேட்பார்கள். வெறுங்கைச் சேருக்குத் தேனீ ஆகாதாம் என்று கதை போகும். சாவுக்குப் பயப்படாதவன் இல்லை நான். பயப்பட்டேன். ஆனால் அந்தப் பயம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, படித்த, பிள்ளை குட்டிக்காரனான ஒருவன் இப்படி நினைப்பானா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன்.

எத்தாளைக் கிராமத்துக்கு நாங்கள் போனது இதற்கு அடுத்த வருடம்.

தோட்டக்காரர் ஹனிபா நானாவின் காணி அங்கே, கடல்நீர் புகுந்து நிற்கும் களப்புக்கும் பாதைக்கும் இடையில் நீளமாகக் கிடந்தது. இரண்டு கிணறுகள். பாதைப் பக்கத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர். களப்புப் பக்கத்துக் கிணறு சில வருடங்களாக உவர்த்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் அவர் வத்தகப்பழம், அதாவது தர்ப்பூசணி, போட்டிருந்தார். களப்புப் பக்கத்துக் கொடியும் பச்சையாகப் படரும், பூக்கும். ஆனால் காய் பிடிப்பது குறைவு. பிடித்தவையும் ஒரு பக்கம் வீங்கி மறு பக்கம் சூம்பி வளையும். சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் பலருக்கும் அதே கதை. விதை பிழையா, மண் பிழையா, நோயா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரு ஊகம் இருந்தது. பூவில், தேனீ உறிஞ்சும் அமுதம் சுரக்கிற இடத்தில், என்சைம் எனப்படும் ஒரு நொதியம் வேலை செய்கிறது. செடி அனுப்பும் சீனியை அது உடைத்துக் கொடுத்தால்தான் அமுதம் ஒழுங்காக ஊறும். உவர்த் தண்ணீர் அந்த நொதியத்தின் வேலையைக் குறைத்தால் அமுதம் குறையும். அமுதம் குறைந்தால் தேனீ அந்தப் பூவில் தங்காது. தங்காவிட்டால் மகரந்தம் போதிய அளவு போய்ச் சேராது, காய் கோணும். நொதியத்தை அளப்பது என்னோடு வேலை செய்த ஸ்டெலாவின் வேலை. தேனீக்கள் பூவில் எவ்வளவு நேரம் உண்ணுகின்றன, எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுவது என் வேலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊகம் சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

ஸ்டெலா சிலாபப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. இரசாயனம் படித்துவிட்டு எங்களிடம் வந்து கொஞ்சக் காலந்தான் ஆகியிருந்தது. பூவைக் கொய்த உடனே ஐஸில் போடாவிட்டால் நொதியம் கெட்டுவிடும். எங்களுடைய நிலையத்தில் போதிய ஐஸ் கிடைக்காது. விடிகிற நேரத்தில் கற்பிட்டியில் மீன்காரர்கள் ஐஸ் வாங்கும் இடத்துக்குப் போய், அவர்களோடு சேர்ந்து நின்று ஐஸ் வாங்கி, குளிர் தாங்கும் ரிஜிபோம் பெட்டியில் நிரப்பிக்கொண்டு எத்தாளைக்கு வருவாள். எங்கள் பூக்கள் எல்லாம் மீன் வாசத்தோடுதான் ஆய்வுகூடத்துக்குப் போயின.

தேனீப் பெட்டிகளை இரண்டு பாத்திகளுக்கும் நடுவே, முருங்கை நிழலில் வைத்திருந்தோம். முதல் நாள் காலை நான் நல்ல தண்ணீர்ப் பாத்திக்குள் நாலு அடி வைத்ததும் என் கால் நின்றுவிட்டது. மஞ்சள் பூக்களின் மேல் அந்தச் சத்தம். அத்தனை வருடமும் எனக்குச் சங்கீதமாக இருந்த அதே சத்தம். உள்ளங்கை வியர்த்தது. எதுவும் கொட்டாமலே உதடு தடிப்பது போல இருந்தது. திரும்பி வேலியோரம் வந்து நின்றுகொண்டேன். அங்கிருந்தே எண்ணினேன்.

"என்ன சேர், முழுக்கைச் சட்ட போட்டிரிக்கிறீங்க?" என்று ஹனிபா நானா கேட்டார்.

"வெயில், நானா."

களப்புப் பக்கத்துப் பாத்தியில் தேனீ குறைவு. அங்கே எனக்குப் பயம் இல்லை. கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்து, ஒவ்வொரு பூவாகப் பார்த்து, வந்த ஒன்றையும் விடாமல் எண்ணினேன். நல்ல தண்ணீர்ப் பாத்தியிலோ வேலியடியில் நின்று, கண்ணுக்கு எட்டிய ஓரத்துப் பூக்களை மட்டும் எண்ணினேன். நடுவில் நிறைந்திருந்த தேனீக்கள் என் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை. பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது இரண்டு பாத்திகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தன.

இதைக் கவனமாக வாசியுங்கள். நான் ஒரு இலக்கத்தைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. கண்ணில் பட்டதையே எழுதினேன். கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதில்தான் பொய் இருந்தது. கள வேலையில் பொய் பெரும்பாலும் அப்படித்தான் நுழையும். அது நம்முடைய கால் வழியாக வரும்.

ஸ்டெலா ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், நல்ல தண்ணிப் பூவில நொதியம் நல்லா வேல செய்யுது. உப்புத் தண்ணிப் பூவில அதில பாதிகூட இல்ல. ஆனா உங்கட எண்ணிக்கையில ரெண்டு பக்கமும் ஒண்டா இருக்கே?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். அதற்குப் பதிலாக நான், "தேனீ பொய் சொல்லாது, ஸ்டெலா" என்றேன்.

"அப்ப என்ட பக்கம் பிழையா?"

"அடிக்கடி கரண்ட் போச்சுதுதானே. ஆழ்குளிர்ப் பெட்டி எத்தன தரம் நிண்டது? உருகி உறைஞ்சா நொதியம் நிக்குமா?"

"கரண்ட் போன நேரமெல்லாம் நான் ஐஸ் போட்டுக்கொண்டுதான் இருந்தன், சேர்."

"ரெண்டு பக்கத்துப் பூவுக்கும் ஒரே மாதிரிப் போட்டதெண்டு சத்தியம் பண்ணுவீங்களா?"

அவள் யோசித்தாள். பொறுப்பில்லாத ஒருத்தியாக இருந்தால் உடனே சத்தியம் பண்ணியிருப்பாள். ஸ்டெலா கவனமான பிள்ளை. "சத்தியம் பண்ண ஏலாது, சேர்" என்றாள். கவனமான ஆட்களை மடக்குவது அவ்வளவு சுலபம். அவர்களுடைய நேர்மையையே எடுத்து அவர்களுக்கு எதிராக வைத்துவிடலாம். நான் அதைத் தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முகம் வாடியதைக் கண்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம்ப முடியாத மாதிரிகளை வைத்திருந்து என்ன பயன் என்று அவள் மிச்சப் பூக்களையும் வெளியே எடுத்தாள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் தென்னங்குழி ஒன்றில் பை பையாகக் கொட்டினாள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் பொறுங்க" என்று கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான்.

அதோடு முடியவில்லை. அடுத்த போகத்துக்குக் களப்புப் பக்கத்தில் வத்தகை போடுவதா விடுவதா என்று ஹனிபா நானா என்னிடம் கேட்டார். "தண்ணியில பிரச்சின இருக்கிற மாதிரித் தெரியல்ல, நானா" என்றேன். அவர் போட்டார்.

அந்தக் கொடிகள் பூக்கிற நேரத்தில்தான் அது நடந்தது. அயலூர்த் தோட்டக்காரர்கள் சிலர் எங்கள் வேலையைப் பார்க்க வந்திருந்தார்கள். ஸ்டெலா அவர்களுக்குப் பூவின் உள்பக்கத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். ஹனிபா நானா மாப்பிள்ளை வீட்டுக்காரரைப் போல வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக நின்றார். விளக்கம் முடிந்ததும் என் தோளில் கையை வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"எங்கட சேர் வெறுங்கையால பெட்டி தொறப்பாரு. இதப் பாக்காமப் போனா எத்தாளைக்கு வந்ததே வீண்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெலாவும் பார்த்தாள், சிரித்த முகத்தோடு. "இண்டைக்கு வேணாம்" என்று சொல்ல ஆயிரம் காரணங்கள் இருந்தன. காற்று அதிகம் என்று சொல்லியிருக்கலாம். கை வலி என்று சொல்லியிருக்கலாம். இறாலைக் காரணம் சொன்னவனுக்கு அன்றைக்கு ஒரு காரணமும் வரவில்லை. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் மறுப்பதைவிடத் திறப்பது இலகுவாக இருந்தது. இதை மட்டும் மனதில் வையுங்கள், தம்பி தங்கைகளே. நெருக்கடி என்பது பெட்டியைத் திறந்த பிறகு வந்தது அல்ல. நானா என் தோளில் கை வைத்தாரே, அதுதான் நெருக்கடி. அங்கேயே நான் தோற்றுவிட்டேன்.

மூடியைத் தூக்கினேன். சட்டத்தை எடுத்துக் காட்டினேன். "ஆ" என்றார்கள். சட்டத்தைத் திருப்பி வைக்கும்போது கைமணிக்கூட்டுப் பட்டிக்குள் ஒரு தேனீ அகப்பட்டுக் கொட்டியது. முகத்தில் எதையும் காட்டாமல் பெட்டியை மூடினேன். உள்ளங்கைகள் அரித்தன.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தேன்.

உதவிக்காக நடக்கவில்லை. மறைவதற்காக நடந்தேன். ஆட்கள் இருந்த இடத்தை விட்டு, ஆளில்லாத இடத்துக்குப் போனேன். கிணற்றுக் கட்டைத் தாண்டியதும் கால்கள் மடிந்தன. அந்தப் பக்கத்தில் ஹனிபா நானாவின் மனைவி உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தது அல்லாஹ்வின் கிருபை. அந்த ராத்தா போட்ட கூச்சல் மட்டும் காதில் விழுந்தது.

"யா அல்லாஹ்! சேர் விழுந்துட்டாரு! ஓடி வாங்க!"

காய் ஏற்றும் சின்னப் பட்டா லொறியின் பின்புறம், வெறும் கூடைகளுக்கு நடுவே என்னைக் கிடத்திக் கற்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டெலா என் தலையை மடியில் வைத்து, "மூச்ச விடுங்க சேர், மூச்ச விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானா முன்னால் இருந்து கலிமா ஓதுவது காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் ஓடிவந்து ஊசி போட்டார். ஒக்சிசன் வைத்தார். மூச்சு சற்றுச் சீரானதும் குனிந்து கேட்டார்.

"இதுக்கு முந்தி தேனீ கொட்டி இப்படி வந்திருக்கா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

மரணம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதும் தலையசைத்தேன். அதைவிட மோசமானது, பக்கத்தில் நின்ற ஸ்டெலா எனக்காகப் பேசியது. "இல்ல டொக்டர், சேருக்குத் தேனீ கொட்டினா ஒண்டுமே செய்யாது. இத்தன வருசமா வெறுங்கையாலதான் வேல செய்யிறார்." அவள் குரலில் பெருமை இருந்தது.

புத்தளத்திலிருந்து பஸீலா வந்து சேர்ந்தபோது நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டெலாவும் நானாவும் கட்டிலடியில் இருந்தார்கள். டொக்டர் திரும்பவும் பார்க்க வந்திருந்தார். பஸீலா அழவில்லை. நேரே டொக்டரிடம் போய்க் கைப்பையைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இத அவருக்குப் போட்டீங்களா டொக்டர்? போன வருஷம் இப்புடி வந்தப்ப புத்தளத்து டொக்டர் குடுத்தது. கையோட வச்சிருங்கண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறன். அலுமாரிக்குள்ள வச்சிட்டுப் போறாரு."

டொக்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னட்ட இல்லையெண்டுதானே சொன்னீங்க?" என்றார். நான் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குறிப்பெழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஸ்டெலா கட்டிலடியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். அவள் கோபிக்கப் போகிறாள், அல்லது அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"சேர், நல்ல தண்ணிப் பாத்தியில நீங்க எங்க நிண்டு எண்ணினீங்க?"

நான் அவளைப் பார்க்கவில்லை. "வேலியடியில" என்றேன்.

"உப்புத் தண்ணிப் பாத்தியில?"

"பூவுக்குப் பக்கத்தில இருந்து."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். ஒரு கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி. பிறகு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"நான் பூவெல்லாம் கொட்டிட்டன், சேர்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பஸீலாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஹனிபா நானாவும் அன்று எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் இளநீரோடு வந்தார். இளநீரைக் கையில் தந்துவிட்டுத்தான் வெடித்தார்.

"எங்கட காணியில மவுத்தாகியிருந்தா நாங்க யாருக்கு சேர் மொகம் காட்டுற? ஹனிபா தொறக்கச் சொல்லித்தான் சேர் மவுத்தானாரெண்டு ஊரெல்லாம் கதைப்பாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொறக்கச் சொல்லுவனா? ஆசையிலதானே சொன்னன்!"

அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவர் என்மேல் வைத்த ஆசையையே நான் அவருக்கு ஒரு குற்றமாக மாற்றப் பார்த்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இளநீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

உடம்பு தேறியதும் எத்தாளைக்குப் போனேன். சட்டைப் பையில் ஊசிப் பெட்டி இருந்தது, எல்லோருக்கும் தெரியும்படி. பள்ளிவாசலுக்கு வெளியே தோட்டக்காரர்களை நிறுத்தி, என் எண்ணிக்கை பிழை, நான் பயத்தில் தள்ளி நின்று எண்ணினேன், தண்ணீர் பற்றிச் சொன்னதை நம்ப வேண்டாம் என்றேன். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி சேர், உடம்பப் பாத்துக்கொள்ளுங்க" என்று கலைந்து போனார்கள். ஹனிபா நானாவின் களப்புப் பக்கத்துக் காய்கள் அந்தப் போகமும் கோணியே வந்தன. கொடிகளைப் பிடுங்கி ஆடுகளுக்குப் போட்டிருந்ததைக் கண்டேன். ராத்தா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "ஆறிப்போகுது சேர், குடிங்க" என்றார்.

எத்தாளையில் முழுவதையும் சொன்னேன். அலுவலகத்தில் பாதியைச் சொன்னேன். ஒவ்வாமை இருக்கிறது, இனிமேல் எண்ணும் வேலைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று மட்டும். எத்தாளையில் நடந்தது பாதி ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால் மீதியைச் சொல்லத் துணிவு வந்தது. அலுவலகத்தில் ஸ்டெலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆகவே துணிவு வரவில்லை. என் நேர்மை அந்த அளவில்தான் இருந்தது.

அடுத்த பருவத்தில் ஸ்டெலா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். எண்ணுவதற்கு வேறொரு உத்தியோகத்தர் போனார். நான் ஆய்வுகூடத்தில் இருந்து அவளுக்குக் கண்ணாடிக் குழாய் கழுவிக் கொடுத்தேன், கரண்ட் போனால் ஐஸ் மாற்றினேன். அவள் என்னோடு மரியாதையாகவே பேசினாள். எப்போதும் போல "சேர்" என்றாள். ஆனால் தன் கணக்கை என்னிடம் காட்டிச் சரி பார்க்கச் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

முடிவு தெளிவாக வந்தது. உவர்த் தண்ணீர் பாய்ந்த பூவில் நொதியத்தின் வேலை குறைவு. தேனீக்கள் அதில் வாய் வைத்த வேகத்தில் எழுந்து போயின. நல்ல தண்ணீர்ப் பூவில் தங்கி உண்டன. அதன் பிறகு ஹனிபா நானாவும் இன்னும் சிலரும் பூக்கும் காலத்திலாவது பாதைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்து நல்ல தண்ணீர் விட்டார்கள். காய்கள் ஓரளவு நேராயின.

அந்த வேலையைப் பற்றிப் புத்தளத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். ஸ்டெலா முன்னால் நின்று அழகாக விளங்கப்படுத்தினாள். நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். முடிந்ததும் ஒரு மூத்த அதிகாரி கேட்டார். "ரெண்டு பருவத்துத் தரவு எண்டுதானே திட்டத்தில இருந்தது. முதல் பருவத்துக்கு என்ன நடந்தது?"

ஸ்டெலா என் பக்கம் பார்க்கவில்லை.

"முதல் பருவத்து மாதிரிகள் என்ட கையில பழுதாயிட்டுது, சேர்" என்றாள்.

"குளிர்ல வைக்கிற வேலையில கவனம் போதாது. அடுத்த முறை பாத்துச் செய்யுங்க" என்றார் அவர்.

"ஓம், சேர்."

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கிறேன் என்றே நினைத்தேன். கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதற்கு அடுத்தது வந்தது. பிறகு நன்றியுரை. பிறகு எல்லோரும் தேத்தண்ணிக்கு எழுந்தார்கள். அவர்களோடுதான் நானும் எழுந்தேன்.

தேத்தண்ணி மேசையடியில் அந்த அதிகாரியைப் பிடித்து, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். "சேர், மாதிரிகள் பழுதாகல்ல. என்ட எண்ணிக்கைதான் பிழை. எனக்குப் பயம், தள்ளி நிண்டு எண்ணினன். ஸ்டெலாட வேலயச் சரியில்லையெண்டு சொல்லி பூவெல்லாத்தையும் அவவக் கொண்டு கொட்ட வச்சது நான்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார். பக்கத்தில் நின்ற மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களா? இதுதான் மூத்த ஆட்கள். கூட வேல செய்யிற பிள்ள மேல ஒரு சொல்லு வரக்கூடாதெண்டு எல்லாத்தையும் தன்ட தலையில போட்டுக்கொள்ளுறாரு. எவ்வளவு பெரிய மனசு!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாக. "இல்ல, சேர், உண்மையாத்தான் சொல்லுறன்" என்றேன். "விளங்குது, விளங்குது" என்று சொல்லிக்கொண்டு அவர் பிஸ்கட் தட்டைப் பக்கம் நகர்ந்துவிட்டார். நான் என்ன சொல்லியும் அது அங்கே உண்மையாகவில்லை. கூட்டத்துக்குள் சொல்லியிருந்தால் அது ஒரு திருத்தம். தேத்தண்ணி மேசையில் அது எனக்கு இன்னொரு பெருமையாகப் போய்விட்டது. அவளிடமிருந்து ஏற்கெனவே எடுத்த நற்பெயரோடு, அங்கே நின்று மேலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டெலா கையில் கோப்பையோடு சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் கோபமாக இல்லை. களைத்திருந்தாள்.

"பரவாயில்ல, சேர்" என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "இனிமேல் சொல்லுறதெண்டா, கேள்வி கேட்ட உடனே சொல்லுங்க."